வானத்துக்குச் சுவர் உண்டா?

மூன்றாம் பிறையைத் தரிசிக்க மொட்டைமாடிக்குப் போகிறீர்கள். கூடவே வந்த குழந்தை, கன்னத்தில் போட்டுக்கொண்ட கையோடு, ‘அம்மா, இந்த ஆகாசம் எங்கே போய் முடியும்?’ என்று கேட்கிறது. ‘அது போய்க்கிட்டே இருக்கும்’ என்கிறீர்கள். ‘முடியாம எப்படிம்மா இருக்கும்?’ என்கிறது. சரி, ‘ஒரு இடத்துல முடிஞ்சிடும்’ என்று மாற்றிச் சொன்னால், ‘அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?’ என்று வந்து நிற்கிறது. எப்படிச் சொன்னாலும் இடிக்கிறது! கடைசியில், ‘சாமி விஷயத்துல ரொம்பக் கேள்வி கேட்கக் கூடாது, வா சாப்பிடலாம்’ என்று இறங்கிவிடுகிறோம்.

உண்மையிலேயே கேட்கக் கூடாதா?

இதே கேள்வியை நம் உபநிஷத்தில் கேட்டவர் ஒரு பெண்மணி. பெயர் கார்கி. ஜனக மகாராஜாவின் சபையில், ஆயிரம் பசுக்களைத் தனக்கே உரியவை என்று ஓட்டிச்செல்லச் சொன்ன யாக்ஞவல்கியரை வித்வான்கள் ஒவ்வொருவராக மடக்கிப் பார்க்கிறார்கள். கார்கியும் எழுந்தார். ‘இந்த உலகம் நீரில் பாவும் ஊடையுமாக நெய்யப்பட்டிருக்கிறது. அந்த நீர் எதில் நெய்யப்பட்டிருக்கிறது?’ என்று தொடங்கினார். காஞ்சிபுரம் பட்டை விரித்துப் பார்த்து வாங்குகிற நமக்குப் பாவு, ஊடை என்ற உவமை சட்டென்று பிடிபடும். ‘காற்றில்’ என்றார் முனிவர். காற்று எதில்? அது எதில்? இப்படியே சூரிய லோகம், சந்திர லோகம், நட்சத்திர லோகம், தேவ லோகம் என்று ஏறி, பிரம்மலோகம் வரை போய்விட்டார். ‘அந்தப் பிரம்மலோகம் எதில்?’ என்று கேட்டபோதுதான் யாக்ஞவல்கியர், ‘அளவுக்கு மீறிக் கேட்காதே கார்கி, உன் தலை விழுந்துவிடும்’ என்றார்.

கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, ‘பார்த்தீர்களா, கேள்வி கேட்டால் இதுதான் கதி’ என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதிக் கதை. பிருஹதாரண்யக உபநிஷத்தில் கொஞ்ச தூரம் தள்ளி கார்கி மறுபடியும் எழுந்திருக்கிறார். ‘வில்லை நாணேற்றி இரண்டு அம்புகளோடு வரும் வீரனைப் போல இரண்டு கேள்விகளோடு வந்திருக்கிறேன்’ என்கிறார். வானத்துக்கு மேலும், பூமிக்குக் கீழும், இரண்டுக்கும் நடுவிலும், நேற்றும் இன்றும் நாளையும் இருப்பதெல்லாம் எதில் நெய்யப்பட்டிருக்கிறது? ஆகாயத்தில். அந்த ஆகாயம்? இந்த முறை முனிவர் தடுக்கவில்லை. ‘அட்சரம்’ என்கிறார். அழிவில்லாதது, பருமன் இல்லை, நுண்மை இல்லை, நீளம் இல்லை, குறுக்கம் இல்லை, அதற்கு உள்ளே என்பதும் இல்லை, வெளியே என்பதும் இல்லை!

‘அந்தப் பக்கம் என்ன?’ என்ற கேள்விக்கு, ‘அந்தப் பக்கம் என்ற ஒன்றே இல்லாத பொருள் இது’ என்பது பதில். முதல் தடவை ஏன் தடுத்தார்? சாஸ்திரத்தால் மட்டுமே அறியவேண்டியதை வெறும் ஊகத்தால் கேட்டதுதான் காரணம் என்று ஆதிசங்கரர் தம் பாஷ்யத்தில் எழுதுகிறார். ஆக, தப்பு கேள்வியில் இல்லை, கேட்ட வழியில்தான். மொட்டைமாடியில் குழந்தையின் வாயை மூடிய நமக்கு உபநிஷத்தில் ஆதாரம் கிடைக்காது.

சரி, ஊகத்தால் எட்டுகிற மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாமே! அதற்குத் தோதான இடம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தை ஒட்டியிருக்கும் புதுப்பட்டினம் கடற்கரை. ஒரு பக்கம் அணுவைப் பிளக்கும் நிலையம். உள்நாட்டுப் பக்கம் சில மைல் போனால் வேதமே மலையாக நிற்கும் திருக்கழுக்குன்றம். முன்னால் வங்கக் கடல்.

கரையில் நின்று கிழக்கே பாருங்கள். கடல் ஒரு கோட்டோடு முடிகிறது. நம் உயரத்துக்கு அந்தக் கோடு வெறும் நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அது கடலின் முடிவா? இல்லை என்பது குப்பத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். அப்பா படகு அந்தக் கோட்டைத் தாண்டிப் போய், மீனோடு திரும்பி வருகிறதே! படகில் இருப்பவருக்குக் கோடு இன்னும் தள்ளிப் போயிருக்கும். அது கடலின் எல்லை இல்லை, நம் கண்ணின் எல்லை.

அண்டத்துக்கும் அப்படி ஒரு கோடு உண்டு என்கிறார்கள் வானியல் அறிஞர்கள். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சூரியனிலிருந்து நம் வாசல் கோலத்துக்கு வர எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். பக்கத்துப் பெரிய நட்சத்திர மண்டலமான ஆண்ட்ரோமீடாவிலிருந்து வர 25 லட்சம் ஆண்டுகள்! இன்றைய கணக்குப்படி, அண்டம் விரியத் தொடங்கி சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் வந்து சேர முடிந்த ஒளியை மட்டும்தான் நாம் பார்க்க முடியும். அப்படிப் பார்க்க முடிகிற பகுதி எல்லாத் திசையிலும் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தூரம். ஓர் ஒளியாண்டு என்பது ஏறக்குறைய ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர்.

‘1,380 கோடி ஆண்டில் வந்த ஒளி, 4,600 கோடி ஒளியாண்டு தூரத்தை எப்படிக் காட்டும்?’ என்று கணக்கு தெரிந்தவர்கள் கேட்பீர்கள். ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நாலு வெந்தயம் கிடக்கிறது. மாவு பொங்கப் பொங்க, வெந்தயம் நீந்தாமலேயே ஒன்றையொன்று விட்டு விலகும். ஒளி வழியில் வந்துகொண்டிருந்தபோதே வழியும் பொங்கி நீண்டுவிட்டது. நட்சத்திர மண்டலங்கள் இப்படி விலகுவதை எட்வின் ஹப்பிள் 1929-ல் எடுத்துக் காட்டினார். ஒரே வித்தியாசம், மாவுக்குப் பாத்திரம் உண்டு. அண்டத்துக்குப் பாத்திரம் வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அந்தக் கோட்டுக்கு அப்பால் இன்னும் அண்டம் இருக்கிறது என்பதில் அறிஞர்களுக்குப் பெரிய சந்தேகம் இல்லை. அது எவ்வளவு தூரம், முடிவே இல்லையா என்பதில்தான் சிக்கல். இதைக் கண்டுபிடிக்க அவர்கள் செய்த சோதனை கோலம் போடும் நமக்கு எளிதில் புரியும். சமதளமான வாசலில் ஒரு முக்கோணம் போட்டால், மூன்று கோணங்களையும் கூட்ட 180 டிகிரி வரும். அதையே குடத்தின் உருண்டை வயிற்றில் பெரிதாகப் போட்டால் 180-ஐத் தாண்டிவிடும். 2009-ல் ஐரோப்பியர்கள் அனுப்பிய பிளாங்க் என்ற விண்தொலைநோக்கி, அண்டத்தின் மிகப் பழைய ஒளியைப் படம் பிடித்தது. அதிலுள்ள புள்ளிகளைக் கொண்டு வானத்தின் மீதே ஒரு முக்கோணம் போட்டுப் பார்த்தார்கள். தெரிந்த மட்டும் வாசல் மாதிரி சமதளம்தான். வளைவு இருந்தால் அது மிக மிகக் கொஞ்சம்.

அப்படியானால் வாசல் முடிவில்லாமல் நீள்கிறது என்று அர்த்தமா? அங்கேதான் அவர்களும் கையை விரிக்கிறார்கள். குடம் பிரமாண்டமாக இருந்தால், அதன் ஒரு துளி இடம் தட்டையாகத்தானே தெரியும்! சமதளமே என்றாலும், கோலம் போட்ட துணியைச் சுருட்டிப் பாவாடைபோல் விளிம்போடு விளிம்பு தைத்துவிட்டால், கோணங்கள் மாறாது. ஆனால் துணி முடிவில்லாததும் ஆகாது.

‘முடிவு உண்டு என்றால் சுவர் இருக்குமே’ என்ற குழந்தையின் பயத்துக்குப் பதில் கிரிவலத்தில் இருக்கிறது. வேதகிரியைச் சுற்றி வருகிறீர்கள். எங்காவது ‘பாதை இத்தோடு முடிந்தது’ என்று சுவர் குறுக்கிடுகிறதா? நடந்துகொண்டே இருக்கலாம். ஆனாலும் பாதையின் நீளத்தை அளந்துவிடலாம். ஓரம் இல்லை, ஆனால் அளவு உண்டு. ஐன்ஸ்டீன் 1917-ல் இப்படி ஒரு அண்டத்தைத்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். அது உண்மையா என்பது வேறு விஷயம். சுவர் இல்லாமலும் ஒன்று அளவுக்குள் அடங்கும் என்பதுவரை நிச்சயம்.

நம் புராணங்கள் எந்தக் கட்சி? வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சியும்தான். பிரம்மாண்டம் என்ற சொல்லே ‘பிரம்மாவின் முட்டை’ என்பதுதான். முட்டைக்கு ஓடு உண்டு, அளவு உண்டு. விஷ்ணு புராணம் அந்த முட்டையை நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்று உறைகள் சூழ்ந்திருப்பதாகவும், ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் பத்து மடங்கு என்றும் சொல்கிறது. அத்தோடு நிற்கவில்லை. இவை எல்லாவற்றையும் சூழ்ந்திருக்கும் மூலப்பிரகிருதிக்கு அளவே இல்லை, அதற்குள் இதுபோன்ற அண்டங்கள் ஆயிரமாயிரம் கோடி என்றும் சொல்கிறது. ஒவ்வொரு முட்டைக்கும் கணக்கு உண்டு. முட்டைகள் கிடக்கும் கூடைக்குக் கணக்கு இல்லை!

மாணிக்கவாசகப் பெருமான் இதை இன்னும் வீட்டுப் பக்கம் கொண்டுவந்துவிட்டார். திருவாசகத்தில் திருவண்டப்பகுதி என்று ஒரு பகுதி. நூறு கோடிக்கும் மேல் விரிந்துகிடக்கும் அண்டங்கள் எல்லாம் இறைவனின் பெருமைக்கு முன்னால், வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசுகளைப்போல் சின்னதாகத் தெரிகின்றனவாம். காலையில் பெருக்கி முடித்து நிமிரும்போது ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் தூசு மிதப்பதைத் தினமும் பார்க்கிறோம்தானே? அதில் ஒரு தூசுக்குள்தான் புதுப்பட்டினமும் இருக்கிறது, ஆண்ட்ரோமீடாவும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, ‘விஞ்ஞானிகள் இன்று சொல்வதை நம்மவர்கள் அன்றே சொன்னார்கள்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தொலைநோக்கிக்காரர் அளக்கிறார், மணிவாசகர் உருகுகிறார். இரண்டும் ஒரே வேலை அல்ல. நாளைக்கு அளவு மாறினால் நம் உருக்கமும் மாறிவிடுமா, என்ன?

‘ரொம்பப் பெரியது’ என்பதையும் ‘முடிவில்லாதது’ என்பதையும் நாம் பேச்சில் ஒன்றாகவே போட்டுவிடுகிறோம். இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் தலபுராணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பாற்கடலில் இருக்கும் பெருமாளுக்குத் தாமரை சாத்தவேண்டும் என்று புண்டரீக மகரிஷிக்கு ஆசை. கடல் குறுக்கே கிடந்தது. கையால் நீரை இறைத்துவிட்டு வழி பண்ணத் தொடங்கிவிட்டார்! நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் யோசித்தால், உலகத்துக் கடல்நீர் மொத்தமும் ஏறக்குறைய 133 கோடி கன கிலோமீட்டர். பெரிய எண்தான், ஆனாலும் எண். ஒரு கை இறைத்தால் ஒரு கை குறையும். ஆயுள்தான் போதாது.

திருக்கழுக்குன்றத்துக் கதை வேறு ஜாதி. பரத்வாஜ மகரிஷி ஓர் ஆயுள் முழுக்க வேதம் ஓதினார். போதவில்லை என்று இன்னொரு ஆயுள் வாங்கினார். அப்புறம் மூன்றாவது. கிழப்பருவத்தில் படுத்துக் கிடந்தவரிடம், ‘இன்னோர் ஆயுள் தந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்க, ‘வேதம் ஓதுவேன்’ என்றாராம். அப்போது எதிரே மூன்று மலைகளைக் காட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் போட்டு, ‘நீ படித்தது இவ்வளவு. வேதங்கள் முடிவில்லாதவை’ என்று பதில் வந்தது. யஜுர் வேதத்தைச் சேர்ந்த தைத்திரீய பிராம்மணத்தில் இதைச் சொல்பவன் இந்திரன். திருக்கழுக்குன்றத்துத் தலபுராணத்தில் சாட்சாத் ஈசனே. வேதமே மலையானதால் வேதகிரி.

புண்டரீகர் இறைத்த கைநீருக்குக் கடலில் ஒரு பங்கு உண்டு. பரத்வாஜரின் கைப்பிடிக்கு அந்தப் பங்குகூட இல்லை. முடிவில்லாததிலிருந்து மூன்று பிடி எடுத்தாலும் மூவாயிரம் பிடி எடுத்தாலும் மிச்சம் ஒன்றே. முழுமையிலிருந்து முழுமையை எடுத்தாலும் முழுமையே எஞ்சும் என்று ஈசாவாஸ்ய உபநிஷத்தின் சாந்தி மந்திரத்தில் தினம் சொல்கிறோமே, அந்தக் கணக்கு.

(அந்த மலையில் ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் காலக் குடைவரை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கொத்தளத்தோடு வியாபாரம் பண்ண வந்த டச்சுக்காரர்கள் சிலர், மலை ஏறி, அந்தத் தூண்களில் தங்கள் பெயரைச் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காலேஜ் பிள்ளைகள் கோயில் சுவரில் கிறுக்குவதைப் பார்த்து எரிச்சல் வரும்போதெல்லாம் இவர்கள் ஞாபகம் வருகிறது. பெரிய இடத்துக்கு வந்தால் ‘நானும் இருந்தேன்’ என்று எழுதத் தோன்றுகிறதோ என்னவோ!)

புத்தர், ‘உலகம் முடிவுள்ளதா, முடிவில்லாததா?’ என்று கேட்ட சீடருக்குப் பதிலே சொல்லவில்லை. விஷ அம்பு தைத்தவன், ‘எய்தவன் யார், எந்த ஊர், கறுப்பா சிவப்பா என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன்’ என்றால் செத்துப் போவான் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் சில பேருக்கு அந்தக் கேள்வியே அம்பாகத் தைக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்கு மார்கழிப் பௌர்ணமி. சுனாமி அலை இந்தக் கல்பாக்கம், புதுப்பட்டினம் கரையிலும் ஏறியது. குடியிருப்பிலும் குப்பங்களிலும் உயிர்கள் போயின. அணுமின் நிலையத்தைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். மனிதர்களை எல்லாம் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, ‘கோடானுகோடி அண்டம்’ என்று பிரசங்கம் கேட்கும்போது என்ன தோன்றும்? ‘அத்தனை கோடியில் என் குடிசை அவன் கண்ணில் எப்படிப் படும்?’ என்றுதானே? அலை பார்க்காத வீட்டிலும், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ராத்திரியில் இந்த நினைப்பு வரும். அண்டம் பெரிதாகப் பெரிதாக நாம் ஒன்றுமில்லாமல் போகிறோம் என்ற பயம்.

இந்தப் பயத்தில் இரண்டு கணக்குகள் கலந்துகிடக்கின்றன. ஒன்று, அளவுக் கணக்கு. அண்டம் நிஜமாகவே முடிவில்லாதது என்றால், அதில் நம் பங்கு பூஜ்யம். ஒப்புக்கொள்வோம். ஆனால் இமயமலையின் பங்கும் பூஜ்யம்தான். சூரியனின் பங்கும் அதேதான். எள்ளும் மேருவும் சமமாகிவிடுகிற தராசை வைத்துக்கொண்டு, எள் சிறியது என்று எப்படி அழமுடியும்? முடிவில்லாத அண்டத்தில் பரிமாணம் என்ற அளவுகோலே செத்துப்போகிறது. அண்டம் முடிவுள்ளது என்றால்தான் நாம் ‘சின்னப் பங்கு’ ஆகிறோம். அப்போதும் என்ன? அம்மிக்கல்லைவிடத் திருமாங்கல்யம் சின்னதுதான். எதை எடையால் மதிக்கிறோம், எதை மதிப்பதில்லை என்று நமக்குத் தெரியாதா?

இன்னொன்று, கவனக் கணக்கு. இதுதான் நிஜமாக வலிக்கிறது. நாலு அடுப்பில் நாலு பாத்திரம் வைத்தால் ஒன்று பொங்கி வழிந்துவிடுகிறது. ஐந்து பிள்ளை பெற்ற வீட்டில் நடுப்பிள்ளை, ‘என்னைப் பார்க்கவே இல்லை’ என்று மூலையில் உட்கார்ந்திருக்கிறது. நம் கவனம் பங்கு போடப் போடக் குறையும்; நாம் அளவுள்ளவர்கள். அந்த வழக்கத்தில், கோடி அண்டத்தைப் பார்க்கிறவனுக்கும் கவனம் குறைந்துதானே போகும் என்று நினைத்துவிடுகிறோம். பகவானையும் நாலு அடுப்புக்காரராக ஆக்கிவிடுகிறோம். அவன் அனந்தன் என்றால், பரத்வாஜர் கைப்பிடிக் கணக்குத்தான் அவனுக்கும். உங்களுக்கு எடுத்துக் கொடுத்ததால் ஆண்ட்ரோமீடாவுக்குக் குறையாது. ஆண்ட்ரோமீடாவுக்குக் கொடுத்ததால் உங்களுக்கும் குறையாது. ஆகவே அண்டம் முடிவுள்ளதா இல்லையா என்பதை வானியல்காரர்கள் எப்படித் தீர்த்தாலும் நமக்குச் சம்மதம். அவன் முடிவுள்ளவனா என்பதுதான் நம் கேள்வி.

அலை ஏன் வந்தது என்பதற்கு இது பதில் இல்லை. அப்படி ஒரு பதிலை அந்தத் தாயின் முன்னால் நின்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ‘என் குடிசை கண்ணில் படாது’ என்ற ஒரு நினைப்பை மட்டும் எடுத்துவிட முடிந்தால் போதும்.

புண்டரீகர் கதையில் மிச்சம் இருக்கிறதே! கடல் வற்றவில்லை. ஒரு கிழவர் வந்தார். ‘பசிக்கிறது, சாப்பாடு கொண்டு வா, அதுவரை நான் இறைக்கிறேன்’ என்றார். ரிஷி உணவோடு திரும்பினால், கடலுக்கு இந்தப் பக்கம், வெறும் தரையில், அவர் பறித்து வைத்த தாமரையைச் சூடிக்கொண்டு பெருமாள் படுத்திருக்கிறார். ஆதிசேஷன் இல்லை. அனந்தன் என்று பெயர் கொண்ட அந்தப் படுக்கையைக் கூட விட்டுவிட்டு வந்துவிட்டார். அதனால்தான் அங்கே ஸ்தலசயனம். கலங்கரை விளக்கத்தை ஒட்டிய குன்றில் மகிஷாசுரமர்த்தினி குகை இருக்கிறது. அங்கே பல்லவச் சிற்பி அதே பெருமாளை ஆதிசேஷன்மேல் வடித்திருக்கிறான். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்த முறை வீட்டில் ஹோமமோ விரதமோ நடக்கும்போது சங்கல்பத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கே தொடங்குகிறார் சாஸ்திரிகள்? பிரம்மாவின் ஆயுளில் இரண்டாம் பாதி என்கிறார். அந்த பிரம்மாவின் ஒரு பகல் நமக்கு 432 கோடி ஆண்டுகள். அப்புறம் கல்பம், மன்வந்தரம், கலியுகத்தில் முதல் பாதம், ஜம்பூத்வீபம், பரதகண்டம், மேருவுக்குத் தெற்குப் பக்கம் என்று படிப்படியாக இறங்குகிறார். வருஷம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம். அத்தனை பெரிய விலாசமும் சொல்லி முடித்து, தலையைத் திருப்பி உங்களைப் பார்த்து, ‘கோத்திரம் சொல்லுங்கோம்மா... பேர்?’ என்பார்.